வெப்ப உதவி அலுவலகத்தில் நாய்ப் பதிவு

நோர்லன் கவுண்டி என்கிற அமெரிக்க மாவட்டத்தின் நிர்வாகத்தில் ஒரு வேலை நடக்க வேண்டுமானால் முதலில் அந்த வேலைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். வெப்ப உதவி அலுவலகத்தில் நாற்பத்தெட்டு பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிவிட்டு நாற்பத்தெட்டு புதுக் கம்ப்யூட்டர்களை வைக்கும் வேலைக்கு 'வெதுவெதுப்பான நாளையை நோக்கி ஒரு பயணம்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பதற்கு ஆறு வாரம் ஆயிற்று. அந்தப் பெயர் போட்ட காபிக் கோப்பைகள் வந்து சேர இன்னும் இரண்டு வாரம். கடைசியில் கம்ப்யூட்டர்களை வேலை செய்ய வைப்பதற்கு மிஞ்சியது பதினோரு நாள். அதை மார்லிஸ் ட்வேட்டிடம் கொடுத்தார்கள்.

மார்லிஸ் இருபத்திரண்டு வருடமாகக் கவுண்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். நவம்பர் முதல் திங்கள் அன்று வெப்ப உதவிக்கு, அதாவது ஏழை வீடுகளுக்கு ஹீட்டர் எண்ணெய் கொடுக்கும் திட்டத்துக்கு, மனு வாங்கத் தொடங்குவார்கள். வடக்கு மினசோட்டாவில் அதற்குமேல் தள்ளிப்போட முடியாது, குளிர் யாருடைய பயணத்துக்காகவும் காத்திருக்காது. அவளுக்கு இதில் சொந்த அக்கறையும் இருந்தது. போன ஜனவரியில் ஹீட்டர் எண்ணெய் தீர்ந்து, தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து, அவள் வீட்டுச் சமையலறையில் சறுக்கி விளையாடலாம் போல ஆகிவிட்டது. இந்த வருடமும் தொட்டியில் கால்வாசிதான் எண்ணெய். திங்கட்கிழமை மனு போடப்போகிறவர்களில் அவளும் ஒருத்தி. கவுண்டி தன் ஊழியருக்குக் கொடுக்கும் சம்பளம், கவுண்டி ஏழைகளுக்குக் கொடுக்கும் உதவிக்குத் தகுதி தரும் அளவுக்குக் கச்சிதமாக இருந்தது. நிர்வாகத்தின் திட்டமிடலைப் பாராட்டத்தான் வேண்டும்.

புதுக் கம்ப்யூட்டர் என்பது வெறும் பெட்டி. சுவிட்சைப் போட்டதும் அது வயர் வழியாக, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி, 'நான் யார், எனக்கு என்ன வேலை' என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்ல மார்லிஸ் ஒரு சர்வரைத் தயார் செய்து வைத்திருந்தாள். 'நீ வெப்ப உதவி அலுவலகத்துக் கம்ப்யூட்டர்' என்று அது சொல்லி, வேண்டியதையெல்லாம் ஒரே அச்சாக அந்தப் பெட்டிக்குள் இறக்கிவிடும். இமேஜ் போடுவது என்று இதைச் சொல்வார்கள். நாற்பத்தெட்டையும் ஒரே மத்தியானத்தில் முடித்துவிடலாம்.

வியாழக்கிழமை காலை நாற்பத்தெட்டு சுவிட்சையும் போட்டாள். ஐந்து நிமிடத்தில் நாற்பத்தெட்டு ஸ்க்ரீனிலும் நாக்கைத் தொங்கப் போட்ட ஒரு நாய் சிரித்தது. கீழே 'வருக. உங்கள் நாய்க்கு இன்றே உரிமம் பெறுக' என்று எழுதியிருந்தது.

மார்லிஸ் அணைத்துவிட்டுப் போட்டாள். நாய் வந்தது. வயரை மாற்றினாள், தன் சர்வரை இரண்டு தடவை புதிதாக ஏற்றினாள், சுவரோரம் தவழ்ந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தாள். வெள்ளியும் நாய், திங்களும் நாய். செவ்வாய்க்கிழமை வயரில் போகிற பேச்சை ஒட்டுக்கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. கட்டடத்தில் ஏற்கெனவே இன்னொரு சர்வர் இருந்தது. கீழ்த்தளத்து ஹாலில் நாய் லைசன்ஸ் எடுக்கிற பதினோரு மெஷின்களை அதுதான் தினமும் காலையில் எழுப்பிவிடுகிறது. மார்லிஸின் புதுப் பெட்டிகள் 'நான் யார்' என்று கேட்டபோது இரண்டு சர்வரும் பதில் சொல்லின. கம்ப்யூட்டர் உலகத்தில் முதலில் யார் வாயைத் திறக்கிறாரோ அவர் சொன்னதுதான் வேதம். நாய்ச் சர்வருக்கு வேறு வேலை இல்லாததால் அது எப்போதும் முந்திக்கொண்டது.

கையால் ஒவ்வொன்றாகப் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். பாதுகாப்பு உத்தரவுப்படி கம்ப்யூட்டரில் வெளியிலிருந்து எதையும் செருகக்கூடாது என்பதால் எல்லாத் துளைகளிலும் பசை ஊற்றி அடைத்துத்தான் வாங்கியிருந்தார்கள். தனி வயர் இழுத்துக்கொள்ளலாம். அதற்கான விண்ணப்பத்தைக் கட்டடத் துறை வசந்த காலத்தில் பரிசீலிக்கும்.

நாய்ச் சர்வர் விலங்கு உரிமத் துறையைச் சேர்ந்தது. அதன் தலைவர் ஆர்விட் ஸ்டென்ஸ்ருட், ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி இருப்பவர். பன்னிரண்டு வருடமாக ஒரு தடவைகூட நின்றதில்லை என்று அந்தச் சர்வருக்கே ஒரு பாராட்டுப் பத்திரம் அச்சடித்து அதன் தலைமேல் ஒட்டி வைத்திருந்தார்.

“ஆர்விட், உங்க சர்வர் என் மெஷினுக்கெல்லாம் பதில் சொல்லுது” என்றாள் மார்லிஸ்.

“கேட்டா பதில் சொல்லத்தானே செய்யும்?”

“உங்ககிட்ட கேக்கல. பொதுவா கேக்குது.”

“பொதுவா கேட்டா, காதுல விழுந்தவங்க பதில் சொல்றதுதானே மரியாதை. ரோட்ல ஒருத்தன் வழி கேட்டா, என்கிட்டயா கேட்டேன்னு திருப்பிக் கேப்பியா நீ?”

“வழி சொல்லலாம். நாற்பத்தெட்டு பேரைக் கூட்டிட்டுப் போய் நாய்க் கூண்டுல விடக்கூடாதில்ல?”

பிறகு அவள் நிதானமாக எடுத்துச் சொன்னாள். அந்தப் பதினோரு மெஷின்களின் நம்பரை மட்டும் பழைய சர்வரில் எழுதிவிட்டால் போதும், மற்றவர்கள் கேட்டால் அது வாயைத் திறக்காது. பத்து நிமிட வேலை. ஆர்விட் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பன்னிரண்டு வருடமாக யாருக்கும் இல்லை என்று சொல்லாத சர்வரை இந்த வயதில் ஆள் பார்த்துப் பழகச் சொல்வது தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்றார். மேலும், அதைத் தொட வேண்டுமானால் மாற்றத் துறையின் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்.

மாற்றத் துறை என்பது டெப்ரா லின்ட்ஸ்கூக்கின் துறை. அவர் வந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குள் துறையின் பெயர் நான்கு தடவை மாறியிருக்கிறது. வேறெதுவும் மாறியதாகத் தகவல் இல்லை. பெரிய ஊர்களில் நடக்கும் மாநாடுகளுக்குப் போய்விட்டு வருவார், வரும்போது ஒரு புதுச் சொல் கொண்டுவருவார், அடுத்த மாநாடு வரை கவுண்டி அந்தச் சொல்லில் ஓடும். அந்த மாதத்துச் சொல் 'இணைந்து வாழ்தல்'.

ஆகவே வியாழக்கிழமை இணைந்து வாழ்தல் பணிக்குழு கூடியது. ஒன்பது பேர், பத்து எலுமிச்சைக் கேக் துண்டு. கடைசித் துண்டை எடுப்பது அநாகரிகம் என்பதால் ஒருவர் அதில் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. கூட்டம் முடிகிறபோது தபால்தலை அளவுக்கு ஒரு துண்டு தட்டில் கிடந்தது, ஒன்பது பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். மார்லிஸ் காலையில் சாப்பிடவில்லை. அவளும் பார்க்காத மாதிரிதான் இருந்தாள்.

“இங்க பிரச்சனை டெக்னிக்கல் இல்ல, மார்லிஸ்” என்றார் டெப்ரா. “இது உறவுப் பிரச்சனை. ரெண்டு சர்வரும் ஒண்ணுக்கொண்ணு இடம் கொடுத்துப் பழகல.”

“பதினோரு நம்பரை எழுதினாப் போதும், டெப்ரா. இப்பவே போனா, நீங்க காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள வந்துடுவேன்.”

“அப்படி எழுதினா சில மெஷினை ஒதுக்கி வைக்கற மாதிரி ஆயிடும். நாம யாரையும் ஒதுக்கறதில்ல.”

முந்திக்கொண்டு பேசுவதுதான் குற்றம் என்று குழு கண்டுபிடித்தது. நாய்ச் சர்வர் சற்றுப் பொறுத்துப் பதில் சொன்னால் என்ன என்று ஒருவர் கேட்டார். தன் சர்வர் மட்டும் ஏன் பொறுக்க வேண்டும் என்று ஆர்விட் முகம் சிவந்தார். இந்தக் கவுண்டியில் ஒருவர் முகம் சிவப்பது பத்து வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் காரியம். எல்லாரும் பதறிப்போய், சரி, இரண்டும் பொறுக்கட்டும் என்றார்கள். தீர்மானம் இப்படி எழுதப்பட்டது: 'எந்தவொரு சர்வரும், மற்ற சர்வர் தன் பதிலைத் தெரிவித்து முடிக்கும் வரை, தன் பதிலைப் பணிவுடன் நிறுத்தி வைக்கும்.'

“அப்போ ரெண்டுமே பதில் சொல்லாதே” என்றாள் மார்லிஸ்.

டெப்ரா அன்போடு புன்னகைத்து, “அது ஒரு வித்தியாசமான பார்வை” என்றார். அந்த ஊரில் இதைவிடக் கடுமையான வசவு கிடையாது. தீர்மானத்தை நிறைவேற்றும் வேலையையும் அவளிடமே கொடுத்தார்கள். அவள் போய்த் தன் சர்வரில் பணிவை ஏற்றினாள், ஆர்விட் தன் சர்வரில் ஏற்றினார்.

வெள்ளிக்கிழமை காலை, நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை வைத்த சந்திப்பில் நான்கு கார்கள் 'நீங்க போங்க, இல்ல நீங்க போங்க' என்று கைகாட்டிக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி ஆயிற்று. நாற்பத்தெட்டு பெட்டிகளும் 'நான் யார்' என்று கேட்டன. இரண்டு சர்வரும் ஒன்றையொன்று எதிர்பார்த்து மரியாதையாகக் காத்திருந்தன. பெட்டிகள் மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டன. எல்லா ஸ்க்ரீனும் கறுப்பு.

ஒன்பது மணிக்கு டெப்ராவின் அறிக்கை எல்லாருக்கும் வந்தது. தவறான பதில் பெற்ற கம்ப்யூட்டர்கள் நேற்று வரை நூறு சதவீதம், இன்று பூஜ்யம். பணிக்குழுவுக்கு நன்றி. கோப்பைகள் இன்னும் மீதமிருக்கின்றன, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கீழ்த்தளத்துப் பதினோரு மெஷின்களும் அன்று எழுந்திருக்கவில்லை என்பது யாருக்கும் உடனே தோன்றவில்லை. அந்த வருடத்து நாய் உரிமத்துக்கு அதுதான் கடைசி நாள். பத்து மணிக்கு ஹாலில் அறுபது நாய்களும் அறுபது வாக்காளர்களும் நின்றார்கள். பதினொன்றுக்கு கன்றுக்குட்டி அளவில் ஒரு செயின்ட் பெர்னார்ட் நாய் மாற்றத் துறையின் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டது. டெப்ராவால் வெளியே வர முடியவில்லை.

வெப்ப உதவிக்கு ஒரு வாரம் தேவைப்பட்ட பணிக்குழு நாற்பது நிமிடத்தில் அவசரமாகக் கூடியது. டெப்ரா போனிலேயே தலைமை வகித்தார். விலங்கு உரிமம் ஒரு முன்னுரிமைச் சேவை என்றும், அதன் சர்வர் மட்டும் பணிவிலிருந்து விலக்கு பெறுகிறது என்றும் முடிவாயிற்று. பத்தே நிமிடத்தில் ஹாலில் மெஷின்கள் விழித்தன. மேலே நாற்பத்தெட்டு ஸ்க்ரீனிலும் நாய் மறுபடியும் சிரித்தது.

“கையோட அந்தப் பதினோரு நம்பரையும் எழுதிடட்டுமா?” என்று மார்லிஸ் போனில் கேட்டாள்.

“அது வேற பொருள், மார்லிஸ். பதினாலு-பி படிவம் போடுங்க. இருபது வேலை நாள்ல பாத்துடுவாங்க.”

அவள் படிவம் போட்டாள்.

திங்கட்கிழமை வந்தது. பனி இரண்டு அங்குலம் விழுந்திருந்தது. அலுவலகம் குறித்த நாளில் திறக்கும் என்று செய்தித்தாளில் போட்டுவிட்டதால் குறித்த நாளில் திறந்தார்கள். ஸ்க்ரீனில் நாய் இருக்கிறதே என்று கவுன்டரில் இருந்த பெண் கேட்டாள். பெயர் கேட்கிறது, விலாசம் கேட்கிறது, வயது கேட்கிறது, இதில் வித்தியாசம் என்ன, இருக்கிறதை வைத்துப் பயணத்தைத் தொடங்குங்கள் என்று மாற்றத் துறையிலிருந்து பதில் வந்தது.

வரிசையில் முதலாவதாக டொய்வோ ராண்டா நின்றார். எண்பத்தோரு வயது, மரம் வெட்டி ஓய்ந்தவர், ஊருக்கு வெளியே தனியாக இருக்கிறவர்.

“இனம்?” என்று அந்தப் பெண் ஸ்க்ரீனைப் பார்த்துக் கேட்டாள்.

“ஃபின்லாந்துக்காரன்.”

“வெறிநோய்த் தடுப்பூசி?”

“டெட்டனஸ் போட்டிருக்கேன். ஆணி குத்தினப்போ.”

கருத்தடை பற்றிய கேள்விக்கு, இந்த வயதில் அரசாங்கம் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று டொய்வோ சொன்னார். அவள் 'ஆம்' என்று போட்டுக்கொண்டாள்.

“உரிமையாளர் பேரு?”

டொய்வோ தொப்பியைக் கழற்றினார். “அவ போய் ஆறு வருஷமாச்சும்மா” என்றார்.

அவள் 'உரிமையாளர் இல்லை' என்பதை அழுத்தினாள்.

நோர்லன் கவுண்டி நாய் நலச் சட்டத்தின் ஏழாம் பிரிவு அதுவரை யாரும் படித்துப் பார்க்காத ஒன்று. உரிமையாளர் இல்லாத, பதிவு பெற்ற நாய் கவுண்டியின் நேரடிப் பொறுப்பு. அது குளிரில் இருப்பதாகத் தெரிந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆள் போய்ப் பார்த்து, தங்குமிடத்தை வெதுவெதுப்பாக்கித் தர வேண்டும். மனிதர்களுக்கான விதிப்படி மனு பெறப்பட்ட நாளிலிருந்து நாற்பத்தைந்து வேலை நாள், அதுவும் மூன்று வருட வருமானச் சான்று இணைத்திருந்தால்.

செவ்வாய்க்கிழமை காலை விலங்கு நல ஆய்வாளர் டொய்வோ வீட்டுக்குப் போனார். தங்குமிடம் உறைநிலைக்கும் இரண்டு டிகிரி கீழே, விலங்கு சாது, தண்ணீர்க் கிண்ணம் உறைந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டார். மத்தியானம் எண்ணெய் லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போயிற்று. கூடவே ஒரு கம்பளியும் கடிக்கிற மாதிரி ஒரு ரப்பர் எலும்பும் கொடுத்தார்கள்.

இந்தச் சேதி சர்ச்சில் ஒரு காபி வேளைக்குள் ஊர் முழுக்கப் பரவியது. புதன்கிழமை வரிசை தெருவைத் தாண்டி நின்றது. மனைவி உயிரோடு இருக்கிறவர்கள்கூட உரிமையாளர் இல்லை என்று சொன்னார்கள், மனைவிமார் பக்கத்தில் நின்று தலையாட்டினார்கள். ஒரு ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர் தன்னைக் கலப்பினம் என்று எழுதும்படி வற்புறுத்தினார். யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. வீடு சூடாக இருக்கிறபோது வெட்கப்பட நேரம் கிடைப்பதில்லை.

மார்லிஸ் மட்டும் காகிதத்தில் மனிதப் படிவம் எழுதிக் கொடுத்தாள். அவள் இந்தக் கேலிக்கூத்தைச் சரிசெய்யப் போகிறவள். அவளே அதில் சேர்ந்தால் எப்படி? தங்கள் மனு தங்களுக்கு முக்கியமானது என்பதை உணர்கிறோம், நாற்பத்தைந்து வேலை நாளில் தொடர்புகொள்வோம் என்று அச்சடித்த கடிதம் வந்தது. அதற்கு மறுவாரம் அவள் வீட்டுத் தொட்டி காலியானது. கோட்டோடு தூங்கி, கோட்டோடு சமைத்தாள். குழாயை உறையாமல் வைக்க முடி உலர்த்தும் மெஷினைப் பிடித்துக்கொண்டு மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

இதற்கிடையில் டெப்ரா புள்ளிவிவரங்களைப் பார்த்தார். வெப்ப உதவி கிடைக்க ஆகும் சராசரி நேரம் நாற்பத்தைந்து நாளிலிருந்து ஒரு நாளாகக் குறைந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு மாநாட்டுக்குப் போனார். 'மனிதரை மையமாக வைத்த சேவை' என்ற பிரிவில் கவுண்டிக்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசு வாங்கும்போது ஆர்விட்டையும் மேடைக்கு அழைத்தார். ஆர்விட் சர்வரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பதினாலு-பி படிவம் இருபதாவது வேலை நாளில் திரும்பி வந்தது. அனுமதி வழங்கப்பட்டது. மார்லிஸ் அதை மூன்று தடவை படித்தாள். பதினோரு நம்பர், பத்து நிமிடம். சர்வர் அறையின் சாவியை எடுத்துக்கொண்டு ஹால் வழியாகப் போனாள். ரப்பர் எலும்பை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வந்திருந்த டொய்வோ, மாடியிலிருந்து ஹால் வரை நீண்டிருந்த வரிசையில் நின்றவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

“கையில என்ன காகிதம்?” என்றார்.

“அனுமதி. சரிபண்ணப் போறேன்.”

“எதை?”

“கம்ப்யூட்டரை. இனிமே நாய் வராது. மனுஷங்களுக்கான படிவமே வரும்.”

வரிசை அவளைத் திரும்பிப் பார்த்தது. கோபமாகப் பார்க்கவில்லை. அந்த ஊரில் யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். ஒரு பெண் தன் கைக்குழந்தையின் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டாள்.

“அது வந்தா எத்தனை நாளு?” என்றார் டொய்வோ.

“நாற்பத்தஞ்சு.”

“உன் மனு எப்போ போட்டே?”

“முதல் நாளே.”

“வீடு எப்படி இருக்கு?”

மார்லிஸ் கோட்டுப் பொத்தானைத் தடவினாள். கட்டடத்துக்குள் கோட்டு போட்டுக்கொண்டு நின்றது அவள் ஒருத்திதான். பிறகு அனுமதிக் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள், சாவியையும் வைத்தாள். வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். முன்னால் நின்றவர் நீங்க போங்க என்று வழிவிட்டார், அவருக்கு முன்னால் நின்றவரும் வழிவிட்டார். இந்த ஊரின் மரியாதையால் அவள் இரண்டே நிமிடத்தில் ஸ்க்ரீன் முன்னால் வந்து சேர்ந்தாள். நாய் சிரித்தது.

கவுன்டரில் இருந்த பெண் கீபோர்டை அவள் பக்கமே நகர்த்திவிட்டாள். பெயர் போட்டாள். இனம், நார்வே. எடையில் ஐந்து பவுண்டு குறைத்துப் போட்டாள். உரிமையாளர் இல்லை. கடைசிக் கேள்வி வந்தது: 'இதுவரை யாரையாவது கடித்ததுண்டா?'

அவள் கை நின்றது. இருபத்திரண்டு வருட வியாழக்கிழமைக் கூட்டங்களை நினைத்துப் பார்த்தாள். டெப்ராவை நினைத்தாள், ஆர்விட்டை நினைத்தாள், தன் கையாலேயே ஏற்றிய பணிவை நினைத்தாள். பிறகு 'இல்லை' என்று அழுத்திவிட்டு, கூடவே வந்திருந்த டொய்வோ பக்கம் திரும்பினாள்.

“இதுக்கு நீங்க என்ன போட்டீங்க?”

“இல்லைன்னுதான்” என்றார் டொய்வோ. “இங்க நிக்கிற எல்லாருமே அதைத்தான் போட்டிருக்கோம். கடிக்கிற ஆளுங்களா இருந்திருந்தா, எதுக்கு நாயாகி எண்ணெய் வாங்க வேண்டி வந்திருக்கும்?”